எண்பதைத் தாண்டியவருக்கு முதுகெலும்பு ஆபரேஷன்: முதல் யோசனையிலிருந்து ஓராண்டு வரை

எண்பது வயதைத் தாண்டிய அம்மாவுக்கோ அப்பாவுக்கோ முதுகெலும்பில் ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டில் ஆளுக்கொரு கருத்து. அந்த நிலையில் இருக்கும் குடும்பத்துக்காக இதை எழுதுகிறேன். நான் முதுகெலும்பு வார்டில் வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் இந்த வயதுக்காரர்களை எழுப்பி நடக்க வைப்பதுதான் என் அன்றாட வேலை.

குடும்பங்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். முதலில் ஸ்கேன், அப்புறம் ஆபரேஷன் தேதி, எல்லாம் முடிந்த பிறகுதான் பெரியவரிடம் "உங்களுக்கு என்ன வேணும்?" என்ற கேள்வி. இந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதிக் குழப்பம் தீரும். எந்த மருந்தை நிறுத்துவது, எந்த ஆபரேஷன் செய்வது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்குத் தேவையான விவரங்களைச் சேர்த்துக் கொண்டுபோவது உங்கள் வேலை.

தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு. பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாம். மருந்துகளின் பட்டியலுக்குப் பதில் மருந்து அட்டைகளையே ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பட்டியலில் தூக்க மாத்திரையும் கடையில் தானாக வாங்கும் வலி மாத்திரையும் விட்டுப்போகும். அப்புறம், டாக்டரிடம் பேசும் பொறுப்பை ஒரே ஆளிடம் கொடுங்கள். மூன்று பிள்ளைகள் மூன்று முறை கேட்டால் மூன்று விதமாகப் புரிந்துகொண்டு வருவார்கள்.

1. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்

இதை முதல் படியாக வைத்ததற்குக் காரணம், இவற்றில் ஒன்று இருந்தாலும் மற்ற படிகளுக்கெல்லாம் நேரமில்லை. அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

சிறுநீர் வர மறுப்பது, அல்லது தெரியாமலேயே கசிவது. மலம் கட்டுப்பாடில்லாமல் போவது. உட்காரும் இடத்திலும் தொடை இடுக்கிலும் மரத்துப்போவது. நாட்கணக்கில் கால் பலவீனம் கூடிக்கொண்டே வருவது. காய்ச்சலோடு முதுகுவலி. முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் படுத்தாலும் குறையாத புதிய முதுகுவலி.

இங்கே நடக்கும் தவறு ஒன்றுதான்: "வயசானா சிறுநீர் கசியத்தான் செய்யும்" என்று விட்டுவிடுவது. வருடக்கணக்காக இருக்கும் கசிவு வேறு. கால் வலியோடு இந்த வாரம் தொடங்கிய கசிவு வேறு.

2. பெரியவரின் ஆசையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு வாக்கியம் வேண்டும். ஆபரேஷனோ வேறு சிகிச்சையோ, முடிந்த பிறகு அவர் என்ன செய்ய ஆசைப்படுகிறார்? அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள்.

"வலி போகணும்" என்பது போதாது. வலி போய் என்ன செய்யப் போகிறார் என்று இன்னொரு முறை கேளுங்கள். என்னிடம் வந்த 83 வயது அம்மா ஒருவர் சொன்னது: "காலையில் பேத்தியை ஸ்கூல் பஸ்ஸில் ஏத்திவிடணும். பஸ் வர்ற வரைக்கும் நிக்க முடியல." இதற்குள் அத்தனையும் இருக்கிறது. வாசல் வரை நடக்க வேண்டும், பத்து நிமிடம் நிற்க வேண்டும், திரும்பி வர வேண்டும். ஆபரேஷன் பலித்ததா இல்லையா என்பதை இதை வைத்து அளந்துவிடலாம். "தரமான வாழ்க்கை" என்று பொதுவாகச் சொன்னால் எதையும் அளக்க முடியாது.

முடிந்தால் அவரைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். பிள்ளைகள் சுற்றி நிற்கும்போது பெரியவர்கள் பிள்ளைகளுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள். "உங்களுக்கெல்லாம் எதுக்குப்பா செலவு, சிரமம்" என்று மறுப்பவரும் உண்டு. உள்ளுக்குள் பயந்துகொண்டே "சரி, பண்ணிடலாம்" என்று தலையாட்டுபவரும் உண்டு. எதைக் கண்டு பயப்படுகிறார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பலருக்கு மரணத்தை விடப் படுக்கையோடு கிடப்பதுதான் பெரிய பயம். அது தெரிந்தால் பின்னால் எடுக்கும் பல முடிவுகள் தெளிவாகும்.

3. இன்றைய நிலையை அளந்து எழுதுங்கள்

இதை யாருமே செய்வதில்லை. ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்து மகன் "நல்ல முன்னேற்றம்" என்பார், மகள் "ஒண்ணும் மாறலை" என்பார். பழைய நிலை எழுத்தில் இல்லாததால் இருவரும் ஞாபகத்தை வைத்துப் பேசுகிறார்கள்.

ஒரு வாரத்துக்கு இவற்றைக் குறியுங்கள்: நிற்காமல் எத்தனை நிமிடம் நடக்கிறார், எதையும் பிடிக்காமல் எத்தனை நிமிடம் நிற்கிறார், இரவில் வலியால் எத்தனை முறை விழிக்கிறார், குளிக்கவும் உடுத்தவும் எவ்வளவு உதவி வேண்டியிருக்கிறது, மனம் எப்படி இருக்கிறது. உலகம் முழுக்கப் பயன்படும் ஈக்யூ-5டி என்ற கேள்வித்தாளும் ஏறக்குறைய இதே ஐந்தைத்தான் கேட்கிறது: நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, வழக்கமான வேலைகள், வலி, மனக்கவலை அல்லது சோர்வு. முதுகுப் பிரச்சினைக்கென்றே பத்துப் பகுதிகள் கொண்ட ஆஸ்வெஸ்ட்ரி கேள்வித்தாள் இருக்கிறது. டாக்டரிடம் கேட்டு அதையும் நிரப்பி ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே ஒரு சின்னச் சோதனை. கைப்பிடி உள்ள நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். எத்தனை விநாடி என்று போனில் பாருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருப்பதாக எடுத்துக்கொள்வார்கள். யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும். வழக்கமாகப் பிடிக்கும் தடியைப் பிடிக்கட்டும்.

4. வலி எங்கிருந்து வருகிறது என்பதை உறுதி செய்யுங்கள்

எம்ஆர்ஐ படத்தை வைத்து முடிவுக்கு வருவதுதான் பெரிய சறுக்கல். 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், வலியே இல்லாத 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை) தேய்மானமும் 84 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைப்பும் படத்தில் தெரிந்தன. இந்த வயதில் படம் சுத்தமாக இருந்தால்தான் ஆச்சரியம். அதனால் படத்தில் தெரியும் இடமும், வலியும் மரப்பும் இருக்கும் இடமும் ஒன்றோடு ஒன்று பொருந்துகின்றனவா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

இந்த வயதில் அதிகம் பார்ப்பது இடுப்புப் பகுதியில் நரம்புப் பாதை சுருங்குவதை. அதன் அடையாளம் தெளிவானது. நிற்கும்போதும் நடக்கும்போதும் இரண்டு கால்களும் கனத்து, இழுத்து, மரத்துப் போகும். உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ சில நிமிடங்களில் சரியாகும். குனியும்போது நரம்புப் பாதை சற்று விரிவதுதான் காரணம். வராந்தாவில் பத்தடி நடக்க முடியாது என்று சக்கர நாற்காலியில் வந்த ஒருவரை இறங்கச் சொல்லி, அதே நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக் குனிந்தபடி தள்ளச் சொன்னேன். வராந்தாவின் கடைசி வரை போய்த் திரும்பினார். வீட்டார் அசந்துபோனார்கள். அவர் நடிக்கவில்லை, அந்த நோயின் குணமே அப்படித்தான்.

இதைப் போலவே தோன்றும் வேறு கோளாறுகளும் உண்டு. காலில் ரத்த ஓட்டம் குறைந்தாலும் நடந்தால் வலிக்கும். ஆனால் குனியவோ உட்காரவோ வேண்டியதில்லை, சும்மா நின்றாலே குறைந்துவிடும். பாதத்தில் நாடித்துடிப்பும் மங்கலாக இருக்கும். இடுப்பு மூட்டுத் தேய்மானம் தொடை இடுக்கில் வலிக்கும். கால்மேல் கால் போடச் சிரமமாகும். சர்க்கரை நோயால் வரும் நரம்புப் பாதிப்பு பாதத்திலிருந்து மேலே ஏறும், உட்கார்ந்தாலும் எரியும். இவற்றில் எதற்கும் முதுகெலும்பு ஆபரேஷன் மருந்தாகாது. இரண்டு கோளாறு சேர்ந்திருப்பவர்களும் நிறைய. அவர்களுக்கு எது எவ்வளவு பங்கு என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஏமாற்றம் குறையும்.

கழுத்தில் தண்டுவடம் நசுங்குவது தனி ரகம். வலி இல்லாமலேயே வரும். சட்டைப் பொத்தான் போட வராது, கையெழுத்து மாறும், நடை தள்ளாடும். வீட்டில் "கை நடுங்குது, வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். அது நாளாக ஆகக் கூடக்கூடியது. அங்கே ஆபரேஷனின் முதல் நோக்கம் இருப்பதைக் காப்பாற்றுவது. அதனால் அந்த வகைக்கு "இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம்" என்ற கணக்கு பொருந்தாது.

மூன்றாவது வகை, எலும்பு மெலிந்து முதுகெலும்பு நொறுங்குவது. லேசாகத் தடுக்கியதிலோ, ஒரு வாளியைத் தூக்கியதிலோ வரும். பலருக்கு 6 முதல் 12 வாரங்களில் தானாகவே வலி தணியும்.

5. ஆபரேஷன் இல்லாத வழியை உண்மையாகவே முயன்று பாருங்கள்

கால் பலவீனம் கூடாமல், வலியும் நடைக் குறைவும் மட்டும் இருந்தால் நேரம் இருக்கிறது. "பிசியோ பண்ணிப் பார்த்தோம், பலிக்கலை" என்பார்கள். எத்தனை நாள் என்று கேட்டால் நான்கு நாள் மின்சார ஒத்தடம் கொடுத்திருப்பார்கள். குனிந்த நிலையில் செய்யும் பயிற்சிகள், முன்சாய்ந்து மிதிக்கும் நிலைச் சைக்கிள், சக்கர வாக்கர், தொடை வலுவுக்கான பயிற்சி எல்லாம் சேர்த்து ஆறு முதல் எட்டு வாரமாவது வேண்டும். 2015இல் வெளியான ஓர் ஆய்வில் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்ட 169 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஆபரேஷனும் மறு பிரிவுக்குப் பிசியோதெரபியும் கொடுத்தார்கள். இரண்டாண்டு முடிவில் உடல் இயக்கத்தில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பிசியோ பிரிவில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இடையில் ஆபரேஷனுக்கு மாறிவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசியில் அதிக நம்பிக்கை வைக்காதீர்கள். 2014இல் நரம்புப் பாதை சுருங்கிய 400 பேரிடம் நடந்த ஆய்வில், ஸ்டீராய்டு கலந்த ஊசிக்கும் வெறும் மரப்பு மருந்து ஊசிக்கும் ஆறு வாரத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. சர்க்கரை நோயாளிக்கு அதன்பின் சில நாட்கள் சர்க்கரை ஏறும்.

பிரிகாபலின், காபாபென்டின் மாத்திரைகள் நரம்பு வலிக்காகத் தரப்படுபவை. இந்த வயதில் தலைச்சுற்றலும் தடுமாற்றமும் கொடுக்கும். சிறுநீரக வேலைத்திறனைப் பார்த்து அளவைக் குறைக்க வேண்டும். மாத்திரை தொடங்கிய வாரத்தில் நடை மோசமானால் நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டாமல் முதலில் மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள்.

நொறுங்கிய எலும்புக்குள் சிமென்ட் செலுத்துவது பற்றி: 2009இல் வெளியான இரண்டு ஆய்வுகளில், சிமென்ட் போட்டவர்களுக்கும் போட்டதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் வலி ஒரே அளவில்தான் குறைந்தது. 2016இல் வந்த வேறோர் ஆய்வு, ஆறு வாரத்துக்குள்ளான கடுமையான வலியில் பயன் இருப்பதாகச் சொன்னது. ஆகவே எல்லோருக்கும் பொதுவான பதில் கிடையாது; முறிவு எவ்வளவு புதியது என்பதே முதல் கேள்வி.

6. வயதைப் பார்க்காமல் தளர்ச்சியைப் பாருங்கள்

தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளும் 86 வயதுக்காரர், பாதி நேரம் படுக்கையில் இருக்கும் 78 வயதுக்காரரை விட ஆபரேஷனை நன்றாகத் தாங்கலாம். இதைக் கணிக்கக் கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் உருவான தளர்ச்சி அளவுகோல் உதவுகிறது. 1 என்றால் நல்ல திடம், 9 என்றால் வாழ்வின் இறுதிக் கட்டம். ஆபரேஷனுக்கு முன் அவர் எந்த எண்ணில் இருக்கிறார் என்று டாக்டரிடம் கேளுங்கள். முதியோர் மருத்துவ நிபுணர் கிடைத்தால் அவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. இதயம், நுரையீரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பார்த்து "ஃபிட்" என்று எழுதுபவர்கள் பலர் இருப்பார்கள். ஆளை முழுதாகப் பார்ப்பவர் அவர் ஒருவர்தான்.

நீங்களே கவனிக்கக்கூடியவை: ஓராண்டில் தானாக 4.5 கிலோவுக்கு மேல் எடை குறைந்ததா, போன ஆண்டில் எத்தனை முறை விழுந்தார், மருந்தைத் தானே எடுத்துக்கொள்கிறாரா, மறதி கூடியிருக்கிறதா.

நினைவாற்றலை ஆபரேஷனுக்கு முன்பே சோதிக்கச் சொல்லுங்கள். மூன்று சொற்களை நினைவில் வைத்துச் சொல்வதும் ஒரு கடிகாரம் வரைவதுமாகச் சில நிமிடச் சோதனை போதும். முன்பே லேசான மறதி உள்ளவருக்குத்தான் ஆபரேஷனுக்குப் பின் மனக்குழப்பம் அதிகம் வருகிறது. தெரிந்திருந்தால் தடுப்பு ஏற்பாடுகளை முன்னரே செய்யலாம்.

எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனையும் இந்தக் கட்டத்தில் எடுத்துவிடுங்கள். ஸ்க்ரூ வைக்கும் ஆபரேஷன் என்றால் இது கட்டாயம். மெலிந்த எலும்பில் ஸ்க்ரூ பிடிக்காமல் தளர்ந்துவிடும்.

7. டாக்டர் முன் உட்காரும்போது கேட்க வேண்டியவை

நோட்டின் முதல் பக்க வாக்கியத்தைப் படித்துக் காட்டுங்கள். "இந்த ஆபரேஷனால் இது நடக்குமா?" என்று கேளுங்கள். "ஆபரேஷன் வெற்றி பெறுமா?" என்று கேட்டால் டாக்டர் நரம்பின் மேலிருந்த அழுத்தம் நீங்குமா என்பதைப் பற்றிச் சொல்வார், நீங்கள் அம்மா நடப்பாரா என்று புரிந்துகொள்வீர்கள்.

அடுத்தது: "இதே பலனைத் தரும் சிறிய ஆபரேஷன் உண்டா?" அழுத்தத்தை மட்டும் எடுப்பது ஒன்று, அதோடு ஸ்க்ரூ, ராடு வைத்து எலும்புகளை இணைப்பது இன்னொன்று. இரண்டாவதில் நேரமும் ரத்த இழப்பும் அதிகம். 2016இல் வெளியான சுவீடன் ஆய்வில், இணைப்பைச் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. 2021இல் வந்த நார்வே ஆய்வு, எலும்பு லேசாக வழுக்கியிருப்பவர்களிலும் அழுத்தத்தை மட்டும் எடுப்பது இணைப்பை விடப் பலனில் குறைந்ததல்ல என்று காட்டியது. இரண்டு ஆய்வுகளிலும் 80 வயதுக்கு மேற்பட்டவர்களைச் சேர்க்கவில்லை. ஆனாலும் உடல் தளரத் தளரச் சிறிய ஆபரேஷனின் பக்கம் நியாயம் கூடுகிறது என்பது என் எண்ணம். எலும்பு அசைந்துகொண்டே இருந்தாலோ, முதுகு பெரிதாக வளைந்திருந்தாலோ இணைப்பு தேவைப்படலாம். அப்படியானால் "எதனால் இவருக்கு இணைப்பு அவசியம்?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது: மிக நன்றாக முடிந்தால் எப்படி இருப்பார், மோசமாகப் போனால் எப்படி, இவருக்கு எது நடக்க அதிக வாய்ப்பு? மூன்றையும் கதை போலச் சொல்லச் சொல்லுங்கள். "ஐந்து சதவீத ரிஸ்க்" என்ற எண் யாருக்கும் எதையும் புரியவைப்பதில்லை. ஆபரேஷன் செய்யாவிட்டால் அடுத்த ஓராண்டு எப்படிப் போகும் என்பதையும் அதே போலக் கேளுங்கள்.

எது சரியாகாது என்றும் கேட்டு எழுதுங்கள். நரம்பின் அழுத்தத்தை எடுத்தால் கால் வலியும் நடக்கும் தூரமும்தான் பெரும்பாலும் தேறும். வருடக்கணக்காக இருந்த பாத மரப்பு போகாமலும் இருக்கலாம். முதுகுவலி எவ்வளவு குறையும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கடைசியாக, தாங்கிக்கொண்டு கேட்க வேண்டிய ஒன்று. நிலைமை மிக மோசமானால் செயற்கைச் சுவாசம் போன்றவற்றை எவ்வளவு தூரம் தொடர்வது? இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் பெரியவர்தான். நினைவோடு இருக்கும்போதே அவர் சொல்லிவிட்டால், நடு இரவில் அந்தப் பாரம் ஒரு பிள்ளையின் தலையில் விழாது.

8. ஆபரேஷனுக்கு முந்தைய மூன்று, நான்கு வாரங்கள்

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்துகளை நீங்களாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் தொடரவும் கூடாது. மருந்தைப் பொறுத்தும், சிறுநீரகத்தைப் பொறுத்தும், இதயத்தில் ஸ்டென்ட் வைத்து எத்தனை காலம் ஆனது என்பதைப் பொறுத்தும் நாள் மாறும். நிறுத்தும் தேதியோடு மறுபடி தொடங்கும் தேதியையும் எழுதி வாங்குங்கள். வீடு திரும்பிய பிறகு அதைத் தொடங்க மறந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளைக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் கூடிவிடும் ஆபத்து இருப்பதால்தான் இந்த முன்னெச்சரிக்கை. இந்த மாத்திரை இருந்தால் மயக்க டாக்டரிடம் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

தூக்க மாத்திரையை மறைக்காதீர்கள். பல ஆண்டுகளாகச் சாப்பிட்டு வந்தவருக்கு ஆஸ்பத்திரியில் அது திடீரென நின்றால் பதற்றமும் குழப்பமும் வரும். மது அருந்தும் பழக்கத்துக்கும் இதே கதைதான்.

ரத்தசோகை இருந்தால் இப்போதே சரிசெய்ய வேண்டும். புரதம் கூடுதலாகச் சாப்பிடட்டும். தினம் இரண்டு வேளை நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி, முடிந்த அளவு நடை, மூச்சுப் பயிற்சி. படுக்கையிலிருந்து ஒருக்களித்து எழும் முறையையும் இப்போதே பழக்குங்கள். வலியும் மயக்கமும் உள்ள நாளில் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

வீட்டில் வழுக்கும் விரிப்புகளை எடுத்துவிடுங்கள். கழிவறையில் கைப்பிடி, உயரமான இருக்கை, இரவு விளக்கு. இவற்றை ஆபரேஷனுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். திரும்பி வரும் நாளில் யாருக்கும் நேரம் இருக்காது.

முந்தைய இரவு: திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்னும், தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்னும் நிறுத்துவது பொதுவான விதி. உங்கள் மயக்க டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அதைக் கேளுங்கள். "எதுவும் குடிக்கக் கூடாது" என்று பொதுவாகச் சொன்னதை வைத்து முந்தைய மாலையிலிருந்தே தண்ணீரை நிறுத்தி, நாக்கு வறண்டு வருபவர்கள் உண்டு. நீர் வற்றிய உடம்புதான் குழப்பத்துக்கு முதல் படி.

9. ஆஸ்பத்திரியில் முதல் மூன்று நாட்கள்

ஆபரேஷன் நன்றாக முடிந்து, இந்த மூன்று நாட்களில் ஆள் சரிவதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எனவே இங்கே கொஞ்சம் நின்று எழுதுகிறேன்.

முதல் எதிரி மனக்குழப்பம். டெலிரியம் என்பார்கள். ஒருவர் கத்துவார், டியூபைப் பிடுங்குவார். அவரை எல்லோரும் கவனிப்பார்கள். இன்னொருவர் சத்தமில்லாமல் கண்ணை மூடிக் கிடப்பார், சாப்பிட மாட்டார், கேட்டதற்குத் தாமதமாகப் பதில் வரும். "அமைதியா தூங்குறாங்க" என்று விட்டுவிடுவார்கள். இரண்டாவதுதான் அதிகம் தவறவிடப்படுகிறது. நேற்று இருந்த ஆள் இன்று இல்லை என்று உங்களுக்குப் பட்டால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். வீட்டாருக்குத் தெரியும் மாற்றம் எங்களுக்குத் தெரியாது.

தடுப்பதற்கான ஏற்பாடுகள் எளியவை. கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றும் விழித்ததும் கைக்கு வர வேண்டும். ஒரு தாத்தா இரண்டாம் நாள் காலை எதைக் கேட்டாலும் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். குழப்பம் என்று ஏட்டில் எழுதியாகிவிட்டது. மேசை இழுப்பறையைத் திறந்தால் பஞ்சில் சுற்றி அவருடைய காது மெஷின் இருந்தது. மாட்டிவிட்டதும் தலையைத் திருப்பி, "இப்பத்தான் கேக்குது" என்றார்.

பகலில் திரைச்சீலையைத் திறந்து வையுங்கள், இரவில் விளக்கை அணையுங்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். பத்துப் பேர் வேண்டாம். நாள், இடம், என்ன நடந்தது என்பதைச் சாதாரணப் பேச்சாகச் சொல்லிக்கொண்டிருங்கள். தூக்கம் வரவில்லை என்று புதிதாகத் தூக்க மாத்திரையோ, தூக்கம் தரும் அலர்ஜி மாத்திரையோ கேட்காதீர்கள். குழப்பத்தைக் கூட்டுவதில் அவை முன்னணியில் நிற்பவை.

இரண்டாவது, படுக்கை. ஆபரேஷன் டாக்டர் வேண்டாம் என்று சொல்லாத வரை அன்றே அல்லது மறுநாளே எழ வேண்டும். "பாவம், இன்னிக்கு ஒரு நாள் படுத்திருக்கட்டும்" என்பது அன்பால் வரும் தவறு. இந்த வயதில் சில நாள் படுக்கையே தொடைச் சதையைக் கரைத்துவிடும். நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும். எழும்போது கட்டில் ஓரத்தில் ஓரிரு நிமிடம் காலைத் தொங்கப்போட்டு உட்காரட்டும். ரத்த அழுத்தம் சட்டென இறங்கி மயக்கம் வருவது சகஜம்.

மூன்றாவது, சிறுநீர் டியூப். அது எப்போது எடுக்கப்படும் என்று தினமும் கேளுங்கள். வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமித் தொற்றுக்கு இடம் கொடுக்கிறது. எடுத்த பின் சிறுநீர் கழித்தாரா என்று பார்ப்பதும் முக்கியம்.

வலி மருந்தை "ரொம்ப வலிச்சா கேட்போம்" என்று வைக்காமல் நேரப்படி கொடுக்கச் சொல்லுங்கள். வலி இருந்தால் எழ மாட்டார், இரும மாட்டார். ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலி மருந்து) கொடுத்தால் மலச்சிக்கலுக்கான மருந்தும் அதே நாளில் தொடங்க வேண்டும்.

10. வீட்டில் முதல் ஆறு வாரம்

எழும் முறை: முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்பும்படி ஒருக்களித்து, கால்களைக் கட்டிலிலிருந்து இறக்கியபடியே கையை ஊன்றி எழ வேண்டும். நீங்கள் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது; இழுத்தால் முதுகு முறுக்கும். தோளுக்குப் பின்னால் ஒரு கை கொடுத்தால் போதும்.

நடையைச் சிறிது சிறிதாகப் பல முறை வையுங்கள். ஒரே மூச்சில் அரை மணி நேரம் என்பதை விட ஐந்து நிமிடம் ஆறு முறை நல்லது. குனிந்து எடுப்பது, கனம் தூக்குவது, இடுப்பைத் திருப்புவது எவ்வளவு நாள் கூடாது என்பது ஆபரேஷனின் வகையைப் பொறுத்தது, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வாரத்தில் ஒரு மோசமான நாள் பெரும்பாலும் வரும். முதல் வாரம் நன்றாக நடந்தவர் திடீரெனக் கால் குடைகிறது என்பார். அழுத்தம் நீங்கிய நரம்பு அடங்கச் சில வாரம் எடுக்கும். அன்றைக்கு நடையைக் குறைத்துக்கொண்டால் போதும். ஆனால் இவை வந்தால் உடனே ஆஸ்பத்திரி: காய்ச்சல், தையலில் கசிவு அல்லது சிவப்பு, உட்கார்ந்தால் கூடிப் படுத்தால் குறையும் தலைவலி, புதிதாகக் கால் பலவீனம், சிறுநீர் நின்றுபோவது, ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, புதிய மனக்குழப்பம்.

11. மறுபடி அளந்து பாருங்கள்

ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஓராண்டு. மூன்று முறையும் மூன்றாம் படியில் எழுதிய அதே அளவுகளை அதே நாற்காலியில், அதே தூரத்தில் எடுங்கள். ஆறாவது வார எண்ணைப் பார்த்துத் துவளாதீர்கள். அது ஆபரேஷனின் களைப்பையும் சேர்த்தே காட்டும்.

மூன்றாம் மாதத்திலும் முதல் பக்க வாக்கியம் கைகூடவில்லை என்றால் காரணத்தைப் பிரித்துப் பாருங்கள். கால் வலி குறைந்தும் நடக்காதவர்களைப் பார்க்கிறேன். ஒருவருக்கு விழுந்துவிடுவோம் என்ற பயம். இன்னொருவருக்குத் தொடையில் வலு இல்லை. வேறொருவருக்கு மனச்சோர்வு. இந்த மூன்றுக்கும் தனித்தனி வழி உண்டு, எதற்கும் இன்னொரு ஆபரேஷன் வேண்டியதில்லை.

பஸ்ஸுக்காக நிற்க ஆசைப்பட்ட அந்த அம்மாவுக்கு மூன்றாம் மாதத்தில் இடது பாதம் அப்படியே மரத்துத்தான் இருந்தது. முதுகும் காலையில் பிடித்துக்கொண்டது. சக்கர வாக்கரோடு வாசலில் பன்னிரண்டு நிமிடம் நின்றார். அவருடைய கணக்கில் அது முழு வெற்றி.

எலும்பு சிகிச்சையை இந்த ஓராண்டில் விட்டுவிடாதீர்கள். 2001இல் வெளியான ஆய்வில், புதிதாக முதுகெலும்பு நொறுங்கிய மூத்த பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் அடுத்த நொறுங்கலும் வந்தது. முறிவு ஆறியதும், தையல் பிரித்ததும் எல்லாம் முடிந்தது என்று எலும்பு மருந்தை மறந்துவிடுகிறார்கள். டெக்ஸா ரிப்போர்ட்டைக் காட்டி எந்த மருந்து, எத்தனை ஆண்டு என்று கேட்டு, அடுத்த ஊசி அல்லது மாத்திரையின் தேதியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.